ஏலத்தில் எடுத்த குறடு

என் வாயைப் பொத்தியவர்களை நான் எளிதில் மன்னிப்பதில்லை. இப்போதும் அலுவலகக் கூட்டத்தில் யாராவது என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, "நீங்க கொஞ்சம் இருங்க மேடம்" என்றால் எனக்கு மூக்கில் ஒரு நெடி ஏறும். ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டுகிற பசையின் நெடி அது. என் வாயை முதன்முதலில் பொத்திய கையில் அந்த நெடிதான் இருந்தது. கை, என் தாய்மாமாவுடையது. இடம், ஆம்பூருக்குப் பக்கத்தில் எங்கள் சபையின் முற்றம். நாள், அறுப்பின் பண்டிகை. நான் அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

பொய் சொல்லப் போகிற பிள்ளையின் வாயைப் பொத்தினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நான் சொல்ல வந்தது நூற்றுக்கு நூறு உண்மை. பொய் சொல்லப் போனவர் மாமா. அவர் தன் வாயை அல்லவா பொத்திக்கொண்டிருக்க வேண்டும்?

எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் இருக்கிற சாமான் எல்லாமே தோலுக்காகத்தான் படைக்கப்பட்டது என்று நினைப்பார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு வீட்டில் தோல் பதனிடும் டேனரிக்குப் போகிறவர் இருந்தால் அடுத்த வீட்டில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர் இருப்பார், எதிர் வீட்டில் ஷூவின் மேல்பாகத்தைத் தையல் மெஷினில் தைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் கிணறு தூர் வாரும்போது ஒரு துருப்பிடித்த இரும்பு வந்தால்கூட, "இது அந்தக் காலத்துல தோல் சீவுற கத்திப்பா" என்று நாலு பேர் கூடிவிடுவார்கள். எங்கள் தெருவில் ஒருவர் ஐஸ் உடைக்கிற ஊசியைத் தோலில் துளை போடும் ஊசி என்று சொல்லி மூன்று வருடம் ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.

இந்த வியாதி முற்றிய ஆள் மாமா. ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். கால் வடிவத்தில் ஒரு கட்டை இருக்கும், அதன்மேல் மேல்தோலை இழுத்துப் பொருத்துவார்கள். அந்தப் பிரிவுக்கு லாஸ்டிங் என்று பெயர். அங்கேதான் அவருடைய ராஜ்யம். தெரியாது என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. பாலாற்றில் தண்ணீர் இல்லாமல் போனதற்குக் காரணம், கைக்குழந்தையாக இருந்தபோது நான் அழுது அழுது அதை முழுக்கக் குடித்துத் தீர்த்ததுதான் என்று என்னிடம் சொன்னவர் அவர். இரண்டாம் வகுப்பு வரை அதை நான் நம்பினேன். மணல் லாரிகள் போகும்போதெல்லாம் குற்ற உணர்ச்சியோடு தலையைக் குனிந்துகொண்டேன்.

அவருடைய இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு தழும்பு ஓடும். அது ஜவ்வாது மலையில் சிறுத்தை கிழித்தது என்று எனக்குச் சொன்னார். ரவுடியோடு சண்டை போட்டபோது வந்தது என்று என் அண்ணனுக்குச் சொன்னார். ஒருநாள் அம்மாதான் அதை உடைத்தாள்.

"சிறுத்தையும் இல்ல, ரவுடியும் இல்ல. போர்டிங்ல படிக்கறப்போ மேட்னி ஷோவுக்குப் போறேன்னு முள்கம்பி வேலியத் தாண்டினான். கம்பி கிழிச்சுது. அவ்ளோதான்."

அன்றிலிருந்து மாமா சொல்வதில் எனக்கு ஒரு சொல்லும் நம்பிக்கை இல்லை.

இனி ஏலத்துக்கு வருகிறேன். அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையில் ஒவ்வொருவரும் அவரவர் உழைப்பில் விளைந்ததைக் கொண்டுவந்து பலிபீடத்தின் முன் வைப்பார்கள். குடியாத்தத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் தங்கள் தறியில் நெய்த லுங்கி வைக்கும். நர்ஸ் அக்காக்கள் கேக் சுட்டு வைப்பார்கள். கோழி, முட்டை, வாழைத்தார், கம்பெனியில் மிஞ்சிய தோலில் தைத்த பர்ஸ் என்று எல்லாம் குவிந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் மேஜை போட்டு ஏலம் விடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டு ஏற்றிக்கொண்டே போவதைப் பார்க்க வேற்று மதத்துக்காரர்களும் வந்து நிற்பார்கள். கொண்டுவந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது வழக்கம்.

அந்த வழக்கத்துக்கு ஒரு முள் உண்டு. மூன்று தரம் கூவியும் யாரும் கேட்காத பொருளை மேஜைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு, கொண்டுவந்தவரே வந்து அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அத்தனை பேர் பார்க்கக் குனிந்து எடுக்க வேண்டும். ஒரு வருடம் ஓர் அக்காவின் தீய்ந்த கேக் அப்படி மேஜைக்கு அடியில் கிடந்தது. அந்த அக்கா ஆறு மாதம் வேறு சபைக்குப் போனாள்.

அந்த வருடம் நானும் வைத்தேன். பெயின்ட் டப்பாவில் நானே விதை போட்டு வளர்த்த பாகற்கொடி, இரண்டு பிஞ்சுக் காய்களோடு. ஏலம் விட்ட சபைச் செயலாளர் அதைத் தூக்கிக் காட்டியபோது முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. பாகற்காயை யார் ஏலத்தில் கேட்பார்கள்? அப்போது மாமா எழுந்தார்.

"இந்தப் பாகக்காயில வளத்தவ வாயைவிடக் கசப்பு கம்மிதான். தைரியமா கேளுங்கப்பா!"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பெயர் சொல்லக் கூடாது என்ற வழக்கம் போயே போயிற்று. சிரிப்போடு சிரிப்பாக இரண்டு பேர் கேட்க, கடைசியில் மாமாவே எடுத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் செடியைக் கேலிப் பொருளாக்கிவிட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வழக்கமாக ஏலம் தொடங்குவதே பூசணிக்காயில்தான். போர்டிங் ஹாஸ்டலின் தோட்டக்காரர் ஒவ்வொரு வருடமும் இரண்டு பேர் தூக்க வேண்டிய பூசணிக்காயைக் கொண்டுவருவார். நாற்பது வருடமாக அந்தத் தோட்டத்தையும் அதன் வேலியையும் பார்த்துக்கொண்டவர். நாங்கள் எல்லோரும் அவரைத் தாத்தா என்போம். அந்த வருடம் கோடையில் தோட்டத்தை மூடி, வேன்கள் நிறுத்த சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். பூசணிக்காய் வரவில்லை. தாத்தா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "பூசணிக்கா இல்லாத அறுப்பின் பண்டிகை இன்னா பண்டிகை" என்று ஆளாளுக்கு முணுமுணுத்ததை அவரும் கேட்டிருப்பார்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்தான் பொருள்களைப் பலிபீடத்திலிருந்து மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். அப்படி எடுத்துவந்தபோதுதான் லுங்கிகளுக்கு நடுவே செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த அந்தச் சாமான் என் கைக்கு வந்தது. ஒரு சாணுக்கு மேல் நீளம், நல்ல கனம். குறடு மாதிரி இரண்டு கைப்பிடி. ஆனால் தலை குறடு மாதிரி இல்லை. ஒரு பக்கம் சுத்தியல் முகம் போலத் தட்டையாக இருந்தது, மறுபக்கம் கிளிமூக்குப் போல வளைந்து கூராக இருந்தது. நடுவில் வாய். வாயின் இரண்டு ஓரத்திலும் வெளிப்பக்கமாகச் சின்னப் பள்ளங்கள். தலையில் துரு இருந்தது, கைப்பிடி மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

எனக்கு எதையும் சும்மா வைக்கத் தெரியாது. அந்தப் பள்ளத்தில் என் பெயின்ட் டப்பாவின் கம்பிக் கைப்பிடியை வைத்து அழுத்திப் பார்த்தேன். டக்கென்று துண்டாகிவிட்டது. அதனால்தான் என் பாகற்கொடி கைப்பிடி இல்லாமல் ஏலத்துக்குப் போனது. ஆக, அது கம்பி வெட்டுகிற சாமான் என்பது அந்த முற்றத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

செயலாளர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். செய்தித்தாளைப் பிரித்து, சாமானை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது இன்னாப்பா இது? யாருக்காவது தெரிமா?"

"பல்லு புடுங்குற சாமான் மாதிரிக் கீதே!"

"நண்டு சார், துருப்பிடிச்ச நண்டு!"

பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுகிற அண்ணன் ஒருவர் டேனரியில் வேலை செய்தார். அவர், "பலகையில தோலை விரிச்சு அடிச்ச ஆணியப் புடுங்குறதா இருக்கும்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். யாரும் கேட்கவில்லை.

"ஒரு தரம்" என்றார் செயலாளர். முற்றம் சிரித்துக்கொண்டிருந்தது. "ரெண்டு தரம்" என்றார். அவருடைய கை மேஜைக்கு அடியில் இறங்கப் போனது.

நான் மேஜையிடம் ஓடினேன். "சார், எனக்குத் தெரியும் சார்! இது வெறும் கம்பி..."

பின்னாலிருந்து ஒரு கை வந்து என் வாயை அடைத்தது. பசை நெடி. நான் திமிறினேன், கடிக்கவும் பார்த்தேன். மாமா என்னைத் தன் இடுப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு முற்றம் அதிரக் கத்தினார்.

"சார், அதைக் கீழ வெக்காதீங்க! அது இன்னான்னு தெரியாம சிரிக்கிறீங்களே! லாஸ்டிங் பிளையர் சார் அது! மெஷின் வராத காலத்துல கையால ஷூ பண்ண சாமான். இந்த மூக்கால தோலைக் கட்டை மேல இழுக்கணும், இந்தப் பக்கத்தால ஆணிய அடிக்கணும். இந்த மாதிரி எங்க எம்.டி. ரூம்ல கண்ணாடிப் பொட்டியில ஒண்ணு வெச்சிருக்காரு. ஜெர்மன்காரன் வந்தா அதைத்தான் மொதல்ல காட்டுவாரு!"

சிரிப்பு நின்றது. தோல் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதுமே எங்கள் ஊருக்கு. டேனரி அண்ணன் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "நானும் அதான் நெனச்சேன்" என்றார். என்ன ஒரு பித்தலாட்டம்! அவரே முதல் விலை கேட்டார். மாமா ஏற்றினார். அண்ணன் ஏற்றினார். மாமா விடுவதாக இல்லை. அன்றைய கேக்குகளையும் கோழிகளையும் தாண்டி அந்தத் துருப்பிடித்த இரும்பு ஏறிக்கொண்டே போனது. மூன்றாம் தரம் முடிந்தபோது சபையே கை தட்டியது. கடைசி பெஞ்சிலிருந்து வந்து தூணோரம் நின்றிருந்த தாத்தாகூட மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார்.

மாமா அப்போதுதான் கையை எடுத்தார். "போய் உக்காரு" என்றார். அவ்வளவுதான். ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு விளக்கம் இல்லை. பண்டிகைப் பிரியாணியை நான் தொடவில்லை. முட்டையை மட்டும் எடுத்துத் தின்றேன்.

அந்த வாரம் முழுக்க அந்தச் சாமான் மாமா வீட்டு டிவியின் மேல் வீற்றிருந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். திங்கட்கிழமை அது மெஷினுக்கு முந்திய காலத்துச் சாமான். புதன்கிழமைக்குள் அது வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்த சாமான் ஆகிவிட்டது. வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். நான் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைக் கிறுக்கிக்கொண்டே பொருமினேன். "மாமா சொல்றது பொய்" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாத்திரம் கழுவியபடியே, "விட்டுத் தொலையேன்டி" என்றாள். அப்பாவிடம் சொன்னேன். "பெரியவங்க விஷயம்" என்றார். உண்மையில் பெரியவர்கள் உண்மை, சின்னவர்கள் உண்மை என்று இரண்டு வகை இருக்கிறதா என்ன?

யாரும் நம்பாவிட்டால் ஆதாரம் காட்டுவது என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை பள்ளி விட்டதும் மாமா வீட்டுக்குப் போய், அத்தை மாவரைக்கப் போன நேரத்தில் சாமானைப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கம்பி எங்கே அதிகம் இருக்கும் என்று யோசித்தேன். எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக்கு முள்கம்பி வேலி உண்டு. பழைய ரயில்பாதைக் கட்டைகளை நட்டு, அதில் யூ எழுத்து மாதிரி வளைந்த யூ ஆணி அடித்துக் கம்பியை இறுக்கியிருப்பார்கள்.

அந்தக் கட்டையின் முன்னால் சாமானைத் தூக்கிப் பிடித்த நொடியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. கிளிமூக்கை யூ ஆணியின் வளைவுக்குள் நுழைத்தேன். அளவெடுத்துச் செய்தது போல உள்ளே போனது. ஒரு கல்லால் தட்டிவிட்டு நெம்பினேன். ஆணி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. தட்டையான பக்கத்தால் அடித்தேன், ஆணி திரும்ப உள்ளே போனது. கைப்பிடிகளின் நடுவே கம்பியைக் கவ்வி இழுத்தேன், தொய்ந்த கம்பி விறைத்தது. ஓரத்துப் பள்ளம் கம்பியை வெட்டுவது எனக்கு முன்னமே தெரியும். அடிக்க, பிடுங்க, வெட்ட, இழுக்க என்று நாலு வேலைக்கு ஒரே சாமான். அது தோலுக்கு வந்தது இல்லை, ஷூவுக்கு வந்தது இல்லை. அது வேலி போடுகிற குறடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவே நான் குதித்தேன்.

ஆதாரத்துக்காக நாலு யூ ஆணிகளைப் பிடுங்கிப் பாவாடை முடிச்சில் போட்டுக்கொண்டேன். வேலி அந்த இடத்தில் தொங்கிப் போனதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சாமானைத் திரும்ப டிவியின் மேலேயே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் புங்கமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த விருந்தினர் ஒருவருக்குக் காட்டுவதற்காக, செயலாளர் அந்தச் சாமானைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு கப்பல் கதையைத் தொடங்கினார். நான் அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினேன்.

"இது லாஸ்டிங் பிளையர் இல்ல! வேலி போட்ற கொறடு! இப்போ பாருங்க!"

அறிவிப்புப் பலகையின் மரக்காலில் ஒரு யூ ஆணியை வைத்துத் தட்டைப் பக்கத்தால் நாலு அடி அடித்தேன். கிளிமூக்கால் ஒரே நெம்பில் பிடுங்கிக் காட்டினேன். "ஷூவில யாராச்சும் யூ ஆணி அடிப்பாங்களா?" என்று கேட்டேன். விருந்தினர் கை தட்டினார். மாமாவின் முகம் சுருங்கியது.

"ஏய், இங்க குடு அதை. போதும், வா" என்று என் தோளைப் பிடித்தார். தோற்கப் போகிறவரின் பயம் என்று நினைத்தேன். அந்தக் கையை உதறிவிட்டு ஓடினேன். எனக்கு ஒரு சாட்சி வேண்டும். அந்த முற்றத்தில் வேலி என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள், சைக்கிள் பக்கத்தில் நின்று டீ ஊதிக் குடித்துக்கொண்டிருந்த தோட்டக்காரத் தாத்தா.

"தாத்தா, நீங்க சொல்லுங்க. இது வேலிக் கொறடுதானே?"

அவர் டம்ளரைச் சைக்கிள் சீட்டின் மேல் வைத்துவிட்டுக் குறட்டை வாங்கினார். விரல்கள் அதன் தேய்ந்த இடத்தில் தாமாகப் போய் உட்கார்ந்தன. மாமாவை ஒருமுறை பார்த்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா பாப்பா. வேலிக் கொறடுதான்."

சிரிப்பு வெடித்தது. டேனரி அண்ணன்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். "சூப்பர்வைசரே, வேலிக் கொறடை வெச்சா ஃபாரினுக்கு ஷூ அனுப்பறீங்க?" என்றார். அதோடு விட்டாரா? "இருந்தாலும் துருப்பிடிச்ச வேலிக் கொறடைக் கொண்டாந்து ஆண்டவருக்குப் படைச்சிருக்கான் பாரு ஒருத்தன். வீட்ல வேண்டாத குப்பையெல்லாம் இங்க கொண்டாந்து வெக்கிறாங்கப்பா."

எல்லோரும் என் பக்கம் இருந்தார்கள். அப்படி ஒரு கூட்டம் என் பக்கம் இருந்ததே இல்லை. இன்னும் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"ஆமா, அவருக்கு வேற எதுவுமே கெடைக்கல போல!" என்றேன்.

எதிர்பார்த்தபடியே சிரித்தார்கள். தாத்தா குறட்டை என் கையில் கொடுத்தார். பாதி டீயை மரத்தடியில் ஊற்றிவிட்டு, டம்ளரைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். ஏறி மிதிக்காமல் கேட்டு வரை ஏன் தள்ளிக்கொண்டே போகிறார் என்றுகூட நான் யோசிக்கவில்லை.

அம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அதைக் கொண்டாந்து வெச்சது யாருன்னு தெரியுமாடி ஒனக்கு?"

"தெரியாது."

"தோட்டக்காரரு. தோட்டம் போச்சு. பூசணி இல்ல. வெறுங்கையோட வரக் கூடாதுன்னு, கையில இருந்ததைக் கொண்டாந்து வெச்சாரு."

தாத்தா மரத்தடியில் ஊற்றிய பாதி டீ கண்முன் வந்தது. ஆனால் கோபத்தில் இருக்கிற பிள்ளைக்கு வாதம் சீக்கிரம் கிடைத்துவிடும். அவருடைய குறட்டை ஷூ சாமான் என்று சொல்லி ஊரை ஏமாற்றியவர் மாமா. அதன் சரியான பெயரை எடுத்துச் சொன்னவள் நான். அப்படியானால் தாத்தா எனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். இதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.  அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, "எல்லாத்தையும் ஒனக்கு வெளக்கிட்டு இருக்கணுமா? போய்க் கைகால் கழுவு" என்று உள்ளே போய்விட்டாள்.

இன்றைக்கும் எனக்கு இதில் ஆத்திரம்தான். ஏன் விளக்கக் கூடாது? பதினொரு வயதுப் பிள்ளைக்குக் குறட்டின் நாலு வேலையைத் தனியாகக் கண்டுபிடிக்கத் தெரியுமானால், ஐந்தாவதாக ஒன்றை எடுத்துச் சொன்னால் புரியாதா? என் வாயைப் பொத்தியவர் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அந்தக் கோபம் எனக்குத் தீரவே இல்லை. வருடங்கள் போகப் போக அது மாமாவை விட்டு, மரத்தடியில் சிரித்தவர்கள் மேல் போனது. அங்கிருந்து, அவர்களைச் சிரிக்க வைத்தவள் மேல் வந்து நின்றுவிட்டது.

அடுத்து வந்த சனிக்கிழமை அம்மா பிளாஸ்கில் டீ ஊற்றி என்னிடம் கொடுத்தாள். "கல்லறைத் தோட்டத்து வேலி அவுந்து ஆடுங்க பூந்து எல்லாத்தையும் மேஞ்சிடுச்சாம். மாமா சரி பண்ணின்னு இருக்கான். குடுத்துட்டு வா" என்றாள். அவிழ்த்தது யார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மாமாவோடு ஒரு மாதம் பேசுவதில்லை என்று சபதம் போட்டிருந்ததால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போனேன்.

அங்கே மாமா மட்டும் இல்லை, தாத்தாவும் இருந்தார். நான் தொங்கவிட்டுப் போன அதே இடத்தில் தாத்தா இரண்டு கையாலும் கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தார். மாமா சட்டைக் கையை மடித்துவிட்டு அந்தக் குறட்டால் வேலை செய்துகொண்டிருந்தார். வாயில் இரண்டு யூ ஆணி. பார்க்காமலே ஆணியை வைத்தார், இரண்டே அடியில் இறக்கினார். கம்பியைக் குறட்டில் கவ்வி, குறட்டின் தலையைக் கட்டையில் ஊன்றி நெம்பினார். அது கொடிக்கயிறு போல விறைத்துக்கொண்டது. நான் அரை மணிநேரம் போராடியதை அவர் ஒரு மூச்சில் செய்தார்.

தாத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆணிய வளையாம புடுங்கிக்கிறியே பாப்பா. நல்ல கை" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அறிவிப்புப் பலகைக்கு அடியில் விட்டுவிட்டு வந்தது போக, இன்னும் இரண்டு ஆணி என்னிடம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

மாமா அடுத்த கம்பிக்குக் குனிந்தபோது தாத்தா அதட்டினார். சூப்பர்வைசரான மாமாவை வெளியாள் ஒருவர் 'டா' போட்டுப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கையப் பாத்துடா. மறுபடியும் கிழிச்சிக்கப் போற. இந்தத் தபா கம்பிய அறுத்து ஒன்ன எறக்க எனக்குத் தெம்பு இல்ல."

மாமா ஆணியைக் கடித்தபடியே சிரித்தார். இடது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மடித்த சட்டைக்குக் கீழே தழும்பு வெயிலில் வெளுப்பாகத் தெரிந்தது. அதைப் பார்த்தேன். தாத்தா சொன்னதும் காதில் விழுந்தது. ஆனால் என் கவனம் முழுக்க, குறட்டை மாமா எவ்வளவு சரியாகப் பிடிக்கிறார் என்பதில்தான் இருந்தது. சபதத்தை மறந்துவிட்டேன்.

"மாமா, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே கரெக்டா பண்றியே!"

மாமா கையை நிறுத்தினார். தாத்தாவைப் பார்த்தார். தாத்தா கம்பியைப் பார்த்துக்கொண்டார். மாமா வாயிலிருந்த ஆணியை எடுத்தார்.

"ஆமாம்மா. நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார்.

பாலாற்றுக்குப் பிறகு மாமா சொன்னதில் நான் அப்படியே நம்பியது அது ஒன்றைத்தான்.